சின்ன ட்ரில்லுதானேன்னு தண்ணி விடாம ஓட்டாதீங்க

பெங்களூரு பீன்யாவுல டூல் ரூம் வேலை எனக்கு, அதாவது கருவிகளைச் செய்ற பட்டறை. கண்ணாடி, செராமிக், குவார்ட்ஸ்ல ஓட்டை போட அரை மில்லிமீட்டர், முக்கா மில்லிமீட்டர் டைமண்ட் ட்ரில் (வைரப் பொடி ஒட்டின ட்ரில் கம்பி) நாங்களே செஞ்சுக்குவோம். போன மாசம் தர்மபுரியில இருந்து புதுசா வந்த தம்பி, குவார்ட்ஸ் கிரிஸ்டல்ல சொட்டுத் தண்ணி இல்லாம ட்ரில் ஓட்டிட்டு ஏர் கன்னால ஊதிட்டு இருந்தான். கேட்டா "அண்ணே, குண்டூசி ஓட்டைதானே, என்ன தூசி வந்துரப் போகுது"ன்னான். எனக்குப் பகீர்னுச்சு.

குவார்ட்ஸ்ங்கிறது படிக வடிவ சிலிக்கா. கண்ணுக்குத் தெரியிற தூசி கீழ விழுந்துரும், நாலு மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கீழ இருக்கிறதுதான் நுரையீரலோட அடி வரைக்கும் போய் அங்கேயே உக்காந்து தழும்பாக்கும், அதான் சிலிகோசிஸ். தழும்பானா திரும்ப சரியாகாது, பெரும்பாலும் பல வருஷம் கழிச்சுதான் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். 1997லயே இந்த சிலிக்கா தூசியை புற்றுநோய் உண்டாக்குறதுன்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிருச்சு. சாதாரண கண்ணாடி இந்த வகை இல்ல, ஆனா அதையும் ஈரமாத்தான் ஓட்டணும், இல்லன்னா சூட்டுல விரிசல் விடும், டைமண்டும் தேயும்.

ட்ரில் செய்றப்பவும் கவனம் வேணும். ஸ்டீல் கம்பியை எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, ஆசிட்ல நனைச்சு, நிக்கல் பாத்துல (கரண்ட் விட்டு நிக்கல் முலாம் பூசுற கரைசல்) டைமண்ட் பவுடருக்குள்ள சொருகி லேசா ஒட்ட வைக்கணும், அப்புறம் ஒட்டாததை உதறிட்டு, பொடி பாதிக்கு மேல புதையிற வரைக்கும் மறுபடி பிளேட்டிங். 40 மைக்ரான் பொடின்னா ரெண்டு பக்கமும் சேர்த்து 80 மைக்ரான் ஏறும், அதனால அரை மில்லிமீட்டர் ட்ரில்லுக்கு கம்பி 0.42 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது, நிறைய பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க. நிக்கல் பாத்துல வெறுங்கையை விடாதீங்க, சொறி வந்தா லேசுல விடாது, ஆவி இழுக்க எக்ஸாஸ்ட் கட்டாயம். ஸ்டீல் கம்பிக்குப் பதிலா டங்ஸ்டன் கார்பைட் கம்பி எடுத்து கிரைண்ட் பண்றவங்க இன்னும் ஜாக்கிரதை, அதுல இருக்கிற கோபால்ட்டும் நுரையீரலைக் கெடுக்கும்.

இப்போ தம்பி ஓட்டை போடுற இடத்தைச் சுத்தி களிமண்ல சின்ன வரப்பு கட்டி தண்ணி நிரப்பிக்கிறான், ட்ரில்லை அப்பப்போ தூக்கித் தூக்கி இறக்குறான், N95 மாஸ்க்கும் உண்டு. ஏர் கன்னை நான் எடுத்து வச்சிட்டேன். வேலை முடிஞ்சதும் அந்த வெள்ளைச் சேறை ஈரம் காயறதுக்குள்ள துணியால வழிச்சு எடுத்துருங்க, காஞ்சா அது திரும்பவும் தூசிதான்.