கூட்டம் எங்கே என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

போன வாரம் மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, மடித்து வைத்திருந்த தாளை என் மேசையில் விரித்தார். தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய கிராம சபைத் தீர்மான நகல். மேல்நிலைத் தொட்டியைப் பழுதுபார்த்த செலவுக்கு ஊர் ஒப்புதல் தந்ததாம். தொட்டி இன்றும் ஒழுகுகிறது. வருகைப் பட்டியலில் பதினேழாவது கையெழுத்தில் விரலை வைத்தார். "இது நான் போட்டதுதான் சார். நூறு நாள் வேலையில் இருந்தபோது நோட்டை நீட்டினார்கள்."

இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர் ஆறாவது ஆள். போலிக் கையெழுத்து என்றால் வாதாடிவிடலாம். சொந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு, கூட்டமே நடக்கவில்லை என்று நிரூபிப்பதற்குள் என்னைப் போன்ற வழக்கறிஞருக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

கூட்டத்துக்குப் போகாமல் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "ஓட்டுப் போட்டாயிற்று, இனி அவர்கள் பாடு." எனக்குக் கோபம் வருவது இங்கேதான். யார் ஆள்வது என்பது ஓட்டோடு முடிகிறது. எந்தத் தெருவுக்கு முதலில் குழாய், எந்த வேலைக்கு எவ்வளவு பணம், கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்பதெல்லாம் அதற்குப் பிறகு அன்றாடம் நடப்பவை. ஆளுகை என்பது இதைத்தான். 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இதில் உங்களுக்கும் இடம் வைத்திருக்கிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் கிராம சபை உறுப்பினர். தலைவரின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தாலும் உங்கள் இடம் காலியாவதில்லை.

மேலூரை அடுத்த மேலவளவில், பட்டியல் சமூகத்தவருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்கு வந்த முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த நாற்காலிக்கு இருந்த மதிப்பு கொன்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. அரிட்டாபட்டிக்காரர்களுக்கும் தெரியும். டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று 2024 நவம்பரில் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள், தெருவிலும் இறங்கினார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்தச் சுரங்கத்துக்கு விட்ட ஏலத்தை ரத்து செய்தது.

தயவுசெய்து, தீர்மானம் எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வேலையிடத்துக்கு நோட்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஆள் எண்ணிக்கை குறைந்தால் கூட்டம் செல்லாது, அதனால்தான் அது உங்களைத் தேடி வருகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1: ஆண்டுக்கு ஆறு நாள்தான். போய் உட்காருங்கள். வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். கிளம்பும் முன் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவுக்கு ஆட்சியரிடம் கொடுக்க மனு எழுதிக் கொடுத்தேன். பதினேழாவது கையெழுத்துத் தன்னுடையதுதான் என்பதையும் அதில் எழுதச் சொன்னார்.