டிக்கெட் ஃப்ரீதான், படி ஏற முடியணுமே

உலகத்துலயே எந்த ஊரு மெட்ரோ, எந்த ஊரு பஸ் பெஸ்ட்டுன்னு லிஸ்ட் போடுறவங்க வேகம், டைமிங், ஏசின்னுதான் பாக்குறாங்க. நான் பிசியோதெரபிஸ்ட், காரைக்குடியில முட்டி வலின்னு வர்றவங்களப் பாக்குறதுதான் பொழப்பு, அதனால எனக்கு முதல் கேள்வி ஏறுற இடத்துல எத்தனை படி, எவ்வளவு உயரம்ங்கிறதுதான்.

பள்ளத்தூர் பக்கமிருந்து வர்ற ஒரு ஆச்சி, சிங்கப்பூர்ல மகன் வீட்டுல இருந்துட்டு வந்து சொன்னாக, "அங்க நானே தனியா பஸ் ஏறி தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் வந்தேன் தம்பி, இங்க டவுன் பஸ்ஸுல ஏத்தி விட ரெண்டாளு வேணும்." முட்டி அதே முட்டிதான், தேய்மானமும் அதேதான். அங்க பஸ்ஸோட தளம் தாழ்வா இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

லோ ஃப்ளோர் பஸ்ஸுன்னா தரையில இருந்து தளம் சுமார் 400 மில்லிமீட்டர், நம்ம சாதா பஸ் 900 பக்கம், அதுக்கு மேலயும் உண்டு. படி ஏறும்போது முட்டி மேல நம்ம எடையப் போல 3 மடங்கு பாரம் விழும், இறங்கும்போது இன்னும் கொஞ்சம் கூட. பெரும்பாலானவங்க ஏறுறதுக்குத்தான் பயப்படுறாங்க, ஆனா முட்டிய நோகடிக்கிறது இறக்கம்தான். 2021ல இருந்து டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது, ரொம்ப நல்ல விஷயம், ஆனா முதல் படியிலயே கால் எட்டாதவங்களுக்கு அந்த ஃப்ரீயால என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

பணக்கார ஊருன்னா எல்லாம் சரியா இருக்கும்னு நெனைக்காதீக. லண்டன் அண்டர்கிரவுண்ட், அதான் அங்கத்த சுரங்க ரயில், 1863ல ஓட ஆரம்பிச்சது, 272 ஸ்டேஷன்ல மூணுல ஒரு பங்குக்கிட்டதான் படி ஏறாம பிளாட்ஃபார்முக்குப் போக முடியும். நியூயார்க் அதவிட மோசம், 470க்கு மேல ஸ்டேஷன், 95 சதவீதத்துக்கு லிஃப்ட், சாய்தளம் வந்துசேர 2055 ஆகும்னு 2022ல மாற்றுத்திறனாளிங்க தரப்பு போட்ட கேஸ்ல சமரசம் பேசி முடிவு பண்ணிருக்காங்க, அதுக்குள்ள நம்ம ஆச்சிமாருக்கு என்ன வயசாகும். பாரிஸ்லயும் 1998ல வந்த 14ம் நம்பர் லைன்தான் தொடக்கத்துல இருந்தே லிஃப்ட்டோட கட்டுனது, பழைய லைன்ல பெரும்பாலும் படிக்கட்டுதான்.

பழசுங்கிறதால அப்படின்னு சொல்லுவாங்க, நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். சிங்கப்பூர்லயும் 1987ல எம்ஆர்டிங்கிற மெட்ரோ ரயில் ஆரம்பிச்சப்ப பயணிகளுக்கு லிஃப்ட் இல்லாம இருந்த ஸ்டேஷனுகதான், பின்னாடி ஒவ்வொண்ணா வச்சாங்க. பிரேசில்ல குரிச்சிபான்னு ஒரு ஊரு, அவ்வளவு காசும் இல்ல, பஸ்ஸ தாழ்த்தாம ஸ்டாப்ப உயர்த்திட்டாங்க, கண்ணாடிக் குழாய் மாதிரி ஸ்டாப், பஸ் வந்து ஒட்டி நின்னா நேரா உள்ள நடந்து போயிடலாம். சென்னையிலயும் 2024ல லோ ஃப்ளோர் பஸ் திரும்ப வந்துருக்கு, ஏறுற பக்கமா கொஞ்சம் சாஞ்சு கொடுக்கும், நம்ம பக்கம் எப்ப வருமோ.

பிள்ளைங்க கூப்பிட்டு லண்டன் போறவக ரயிலை விட்டுட்டு பஸ்ஸப் பிடிங்க, அங்க பஸ் எல்லாமே லோ ஃப்ளோர்தான். ரயில்லதான் போகணும்னா மேப்புல வீல்சேர் படம் இருக்கும், நீலம்னா தெருவுல இருந்து ரயிலுக்குள்ள வரைக்கும் படி இல்ல, வெள்ளைன்னா பிளாட்ஃபார்ம் வரைக்கும்தான், அங்க ரயிலுக்கும் பிளாட்ஃபார்முக்கும் ஏத்த இறக்கம் இருக்கலாம். நியூயார்க்லயும் பஸ்தான் சௌகரியம், டிரைவர்கிட்ட சொன்னா முன்பக்கத்த தாழ்த்தித் தருவாரு.

இங்க டவுன் பஸ்ஸுக்கு நான் சொல்லிக் கொடுக்குறது இதுதான், ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல, கை எப்பவும் கம்பியில. பை கூட வந்தவக கையில இருக்கட்டும். ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடியே எந்திரிச்சு நிக்காதீக, வண்டி நின்னதும் எந்திரிங்க, கண்டக்டர்கிட்ட முன்னாடியே "முட்டி வலிப்பா, மெதுவாத்தான் இறங்குவேன்"னு சொல்லிருங்க, விசில் அடிக்காம நிப்பாரு. டிரைவர் அண்ணன்மாருக்கும் ஒண்ணு, நடு ரோட்டுல நிறுத்தாம பிளாட்ஃபார்ம ஒட்டி நிறுத்துனீங்கன்னா ஒரு படி உயரம் மிச்சம், அதுக்குப் புது பஸ் தேவையில்ல.