சம்பளச் சீட்டின் கடைசி வரி மட்டும் போதாது

"புருஷன் சம்பளத்துல கால்வாசி ஜீவனாம்சமா எப்படியும் வந்துடும்ல, மேடம்?" குடும்பநல வழக்குகளே பெரும்பாலும் நடத்தும் என்னிடம் இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. கணவன்மாரும் கேட்கிறார்கள், "கால்வாசி போயிடுமா?" என்று.

இந்தக் கால்வாசிக் கணக்கு 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பிலிருந்து பரவியது. நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த வழக்கில் கணவரின் நிகரச் சம்பளம் 95,527 ரூபாய். உயர் நீதிமன்றம் கொடுக்கச் சொன்ன 23,000 ரூபாயை உச்ச நீதிமன்றம் 20,000 ஆகக் குறைத்தது. அவர் மறுமணம் செய்து, அந்தக் குடும்பத்தையும் பார்க்க வேண்டியிருந்தது என்பதே காரணம். கால்வாசி என்று சொன்ன வழக்கிலேயே கால்வாசி கிடைக்கவில்லை!

இந்து திருமணச் சட்டத்தில் சதவீதமே கிடையாது. வழக்கு நடக்கும்போது கேட்கும் இடைக்கால ஜீவனாம்சம் பிரிவு 24. நிரந்தர ஜீவனாம்சம் பிரிவு 25. வருமானமில்லாத கணவரும் இவற்றின் கீழ் கேட்கலாம். இருவரின் வருமானம், சொத்து, வாழ்ந்த வாழ்க்கைத்தரம், நடந்துகொண்ட விதம், பிள்ளைகள் யாரிடம் என்று பலவற்றையும் பார்த்துத்தான் நீதிபதி தொகையை முடிவு செய்கிறார்.

எதை வைத்துப் பார்ப்பார்? காகிதத்தை வைத்துத்தான். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன ரஜ்னேஷ் - நேகா தீர்ப்புக்குப் பிறகு, இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

ஒரு வழக்கில் எதிர்த்தரப்பு கொடுத்த சம்பளச் சீட்டில் மொத்தம் 68,000, கைக்கு வருவது 19,000 என்று இருந்தது. என் கட்சிக்காரர் அந்தக் கடைசி வரியைப் பார்த்தே அழுதுவிட்டார். நான் பிடித்தங்களைப் பார்த்தேன். சொசைட்டி கடன், தனிநபர் கடன், அவராக விரும்பிக் கூட்டிக்கொண்ட பிஎஃப். இரண்டு கடனுமே நோட்டீஸ் போன பிறகு வாங்கியவை. வருமான வரி, கட்டாய பிஎஃப் போன்றவற்றைக் கழிக்கலாம். தானாக ஏற்படுத்திக்கொண்ட தவணைகளைக் காட்டி மனைவிக்கும் பிள்ளைக்கும் இல்லை என்று சொல்ல முடியாது. நீதிபதியும் கடன் தேதியைத்தான் முதலில் கேட்டார்.

அதே பெண் மஞ்சப்பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு கொண்டுவந்திருந்தார். பால் கணக்கு, ஆட்டோ வாடகை, மகனின் ஆஸ்துமா மருந்துச் சீட்டு என எல்லாம் தேதி வாரியாக. "மாசம் முப்பதாயிரம் வேணும்" என்று வாயால் சொல்வதைவிட அந்த நோட்டுக்கு ஆயிரம் மடங்கு பலம். தையலில் மாதம் ஆறாயிரம் சம்பாதிப்பதை மறைக்கலாமா என்று கேட்டார். கூடவே கூடாது என்றேன். சம்பாதிக்கும் மனைவியும் ஜீவனாம்சம் கேட்கலாம். மறைத்து மாட்டிக்கொண்டால் மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

சரி, மனுவை எப்போது போடுவது? தள்ளிப்போடாதீர்கள். அதே 2020 தீர்ப்பின்படி, மனு போட்ட தேதியிலிருந்துதான் தொகை கணக்கிடப்படும். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று சும்மா கழித்த இரண்டு வருடம் போனது போனதுதான்.

பரஸ்பர சம்மத விவாகரத்தில் மொத்தமாக ஒரு தொகை பேசுகிறவர்களுக்கும் ஒன்று. உங்கள் நகையும் சீதனமும் ஏற்கெனவே உங்களுடையவை. அவற்றைத் திருப்பித் தருவதை ஜீவனாம்சமாகக் கணக்கு காட்ட விடாதீர்கள். பிள்ளைக்கான தொகையைத் தனியாக எழுதச் சொல்லுங்கள், அது பிள்ளையின் உரிமை. அப்புறம், விவாகரத்துக்கு இரண்டாவது முறை, அதாவது இறுதியாக, நீதிமன்றத்தில் சம்மதம் சொல்வதற்கு முன்னால் டிமாண்ட் டிராஃப்ட் உங்கள் கைக்கு வந்துவிட்டதா, பெயரும் தொகையும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.