அலையாத்திக்கு முன்னால் ஒரு சம்பு வரிசை

கடலோரத்தில் செடிகளை நட்டால், வயலில் இருந்து வரும் பூச்சிமருந்தையும் களைக்கொல்லியையும் அவை உறிஞ்சிச் சுத்தம் செய்துவிடும் என்று சொல்கிறார்கள். பாதி உண்மைதான். ஆனால் எந்த மருந்து, எந்தச் செடி, எந்த இடம் என்று பார்க்காமல் இதை நம்பினால் மரமே செத்துப்போகும், அப்படி ஒரு முறை நடந்தும் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மெக்காய் என்ற கரும்பு வட்டாரம். 1990களில் அங்கே ஆற்று முகத்துவாரங்களில், உப்புச்சேற்றில் வளரும் அலையாத்தி வகையான வெண்கண்டல் மரங்கள் பெரிய அளவில் பட்டுப்போக ஆரம்பித்தன. காரணம் தேடிய ஆய்வாளர்கள் கைகாட்டியது கரும்புக்கு அடிக்கும் களைக்கொல்லிகளை, முக்கியமாக ஒளிச்சேர்க்கையை முடக்கும் டையூரானை. முட்டுவேர் ஊன்றி நிற்கும் இன்னொரு அலையாத்தியான சுரபுன்னை இனம் அவ்வளவு அடிபடவில்லை. ஏன் இந்த வித்தியாசம்? சுரபுன்னை உப்பை வேரிலேயே தடுத்துவிடும். வெண்கண்டலும் பெரும்பகுதியைத் தடுக்கும், ஆனால் மீதியை உள்ளே விட்டு இலை வழியாக வெளியே தள்ளும். சோதனையில் வளர்த்த கன்றுகளிலும் இப்படி இலையில் உப்புப் பூக்கும் இனங்கள்தான் அதிகம் வாடின. உப்பு ஏறும் வழியிலேயே மருந்தும் ஏறுகிறது போலும்.

சரி, சுத்தம் எப்படித்தான் நடக்கிறது? முதல் வேலை தண்டுடையது. நெருக்கமாக நிற்கும் கோரை, சம்பு போன்ற நீரோரப் புற்கள் தண்ணீரின் வேகத்தைக் குறைக்கும், மண்துகள் படியும், அதில் ஒட்டிக்கொண்டு வரும் மருந்தும் அதோடு தங்கிவிடும். அப்புறம் வேர். சேற்றுக்குள் ஆக்சிஜன் கிடையாது, அதனால் இந்தச் செடிகள் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாக அதை வேருக்கு இறக்குகின்றன, கொஞ்சம் வெளியேயும் கசிகிறது. வேரை ஒட்டி ஆக்சிஜன் உள்ள சேறு, ஒரு விரல் தள்ளி ஆக்சிஜன் இல்லாத சேறு. இரண்டிலும் வேறு வேறு பாக்டீரியாக்கள். டிடிடி போன்ற மருந்தில் இருந்து குளோரினைக் கழற்றும் வேலை ஆக்சிஜன் இல்லாத இடத்தில் எளிதாக நடக்கும், மிச்சத்தைச் சிதைக்கப் பல சமயம் ஆக்சிஜன் வேண்டும்.

உண்மையில் பெரும்பாலான வேலையைச் செய்வது இந்த நுண்ணுயிர்கள்தான். பிலிப்பைன்ஸில் டயசினான் என்ற பூச்சிமருந்து தெளித்த நெல்வயலில் இருந்து, அந்த மருந்தையே சிதைக்கும் ஒரு பாக்டீரியாவை சேதுநாதன், யோஷிடா என்ற இரு ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து 1973இல் வெளியிட்டார்கள். பூச்சிமருந்தைச் சிதைக்கும் நொதிகளைப் பற்றிய பிற்கால ஆய்வுகள் பலவற்றுக்கு அந்த வயல்சேறுதான் தொடக்கம்.

செடிக்குள் நுழைவது மருந்தைப் பொறுத்தது. அட்ரசின் என்ற களைக்கொல்லி போல ஓரளவு கரையக்கூடியது தண்ணீரோடு மேலே ஏறும். செடி அதை நொதிகளால் மாற்றி, தன்னிடமே இருக்கும் குளுட்டதயோன் என்ற சிறு மூலக்கூறையோ சர்க்கரையையோ அதோடு ஒட்டி விஷத்தைக் குறைத்துச் செல்லுக்குள் ஒதுக்கிவிடும். எண்ணெய்ப் பசையில் ஒட்டும் டிடிடி வேரின் மேலேயே நின்றுவிடும். அதனால் "செடி உறிஞ்சிவிடும்" என்பது எல்லா மருந்துக்கும் பொருந்தாது.

அமெரிக்காவில் மிசிசிப்பியில், செடிகள் வளர விட்ட ஒரு வடிகால் வாய்க்காலில் 50 மீட்டர் தூரத்துக்குச் சோதித்துப் பார்த்தார்கள். மருந்து கலந்த நீர் வரத் தொடங்கி ஒரு மணி நேரத்தில், அளந்த அட்ரசினில் 61 சதவீதமும் லாம்ப்டா சைஹாலோத்ரின் என்ற பூச்சிமருந்தில் 87 சதவீதமும் செடிகளில் இருந்தன. கடலுக்கு எட்டும் முன்பே, வெறும் வாய்க்காலில்!

இது நமக்கு ஏன் முக்கியம் என்றால், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் மிகப் பெரும்பாலான மரங்கள் அதே வெண்கண்டல்தான். பாமணியாறும் கோரையாறும் டெல்டா வயல்களின் வடிநீரை அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. நாற்று நடாமல் நேரடியாக விதைப்பது கூடினால் களையும், அதற்கு அடிக்கும் களைக்கொல்லியும் கூடும். நெல்லுக்கு அடிப்பது டையூரான் கிடையாது, அது உண்மை. ஆனாலும் அந்தக் காட்டை வடிகட்டியாக வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. வடிகட்டும் வேலையை வடிகால்களிடம் கொடுக்க வேண்டும். தூர்வாரும்போது இயந்திரத்தை விட்டு இரு கரையையும் மொட்டையடிக்காமல், நீரோட்டத்துக்கு நடுவில் வழி விட்டு, ஓரத்துச் சம்பையும் கோரையையும் நிற்க விடலாம். மருந்து அடித்த வயலில் சில நாள் தண்ணீரைக் கட்டிவைத்து அப்புறம் வடிக்கலாம். அந்தச் சம்பை அறுத்தால் மட்டும் மாட்டுக்குப் போடக் கூடாது.