அகவிலைப்படி

விலைவாசி ஏற்றத்துக்கு ஈடாகச் சம்பளத்தோடு ஒரு தொகை தருவார்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அது ‘டி.ஏ.’. அரசாணையில் ஏறும்போதுதான் அகவிலைப்படி. பழைய தொழிற்சங்கத்துக்காரர்களிடம் கேட்டால் பஞ்சப்படி என்பார்கள்.

அகவிலை என்றால் தானிய விலை. ஆத்திசூடியில் ‘அஃகம் சுருக்கேல்’ என்று படித்தோமே, அந்த அஃகம்தான். தானியத்தை அளவு குறைத்து விற்காதே என்பது ஔவையின் கண்டிப்பு. படி என்பது சம்பளத்துக்கு மேல் தரும் தொகை. பயணப்படி, வாடகைப்படி போல. நெல் அளக்கும் படியும் இதே எழுத்தில் நிற்பது நல்ல பொருத்தம்.

பஞ்சப்படி உருக்கமான சொல். ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. பஞ்சத்துக்குத் திறப்பது கஞ்சித்தொட்டி. இதுவோ விலை ஏறியதற்கு ஈடு. மத்திய அரசு ஊழியர்களுக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் இது திருத்தப்படுகிறது. 88 தொழில் மையங்களில் விலை திரட்டிக் கணக்கிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் 12 மாதச் சராசரிதான் அளவுகோல். அந்தக் குறியீட்டில் 2001ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில் சுமார் 46 விழுக்காடாக இருந்த உணவின் பங்கு, 2016ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில் சுமார் 39 ஆகிவிட்டது. அஃகம் கொஞ்சம் சுருங்கித்தான் போயிருக்கிறது!

கொரோனா காலத்தில் மத்திய அரசு மூன்று தவணை உயர்வுகளை நிறுத்திவைத்தது. 2021 ஜூலையில் படி 17 விழுக்காட்டிலிருந்து 28 ஆனது. அடிப்படை ஊதியம் 30,000 ரூபாய் என்றால் 5,100 ரூபாய் 8,400 ஆயிற்று. இடைப்பட்ட 18 மாத நிலுவை வரவே இல்லை.

இத்தாலியில் இதே ஏற்பாட்டுக்கு ‘ஸ்காலா மொபிலே’ என்று பெயர், நகரும் படிக்கட்டு. அங்கும் ஒரு படி! 1975 ஒப்பந்தத்தில், குறியீடு ஒரு புள்ளி ஏறினால் எல்லாத் தொழிலாளருக்கும் ஒரே தொகை என்றாக்கினார்கள். கடைநிலை ஊழியருக்கும் தேர்ந்த தொழிலாளிக்கும் இடையே இருந்த சம்பள வேறுபாடு குறைந்தது. கூடவே விலை ஏறக் கூலி ஏற, கூலி ஏற விலை ஏற என்று சுழன்றது. 1984இல் பிரதமர் கிராக்ஸியின் அரசு அதை வெட்டியது. மறு ஆண்டு நடந்த பொதுவாக்கெடுப்பிலும் வெட்டே நிலைத்தது. 1992இல் படிக்கட்டையே கழற்றிவிட்டார்கள்.

இங்கே குறைந்தபட்சக் கூலியிலும் அகவிலைப்படி சேர்கிறது, சட்டப்படி. மாலையில் மேஸ்திரி எண்ணித் தரும் நோட்டுகளில் எது கூலி, எது படி என்று யார் பிரித்துச் சொல்வது? அரிசி விலை ஏறினால் சித்தாள் அவரிடம் வாய்விட்டுத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.