மூக்கிலிருந்து வால் வரை: கால்நடை டாக்டரின் கை எதைத் தேடுகிறது?

"டாக்டர், பூனைக்கு நேற்றிலிருந்து மலச்சிக்கல். லிட்டர் டிரேயில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குது, ஒண்ணும் வரலை." ஆண் பூனை வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுவரும் வழக்கமான புகார் இது. டாக்டர் பதில் சொல்லாமல் பூனையின் அடிவயிற்றில் கை வைக்கிறார். இறுகிப் புடைத்த சிறுநீர்ப்பை விரல்களில் தட்டுப்படுகிறது. அடைத்திருப்பது மூத்திரக் குழாய். குடலில் ஒரு கோளாறும் இல்லை.

ஆண் பூனைக்கு அந்தக் குழாய் நுனியை நெருங்க நெருங்கக் குறுகிவிடும். சளியும் நுண்ணிய படிகங்களும் சேர்ந்த ஒரு சிறு அடைப்பு போதும், சிறுநீர் நின்றுவிடும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்திலேயே ஏறும். பொட்டாசியம் ஏறினால் இதயத்தை இயக்கும் மின்னோட்டம் மந்தமாகும். மருத்துவமனைக்கு வந்த பதற்றத்தில் நிமிடத்துக்கு 140-க்கு மேல் துடிக்க வேண்டிய பூனையின் இதயம் 100-க்குக் கீழே இறங்குவதும் உண்டு. இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். வீட்டில் விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்த்த ஒரு நாள் அந்த நாட்களில்தான் கழிகிறது.

வளர்ப்பவர் கைகாட்டும் இடம் ஒன்றாகவும், நோய் இருக்கும் இடம் வேறாகவும் இருப்பது இப்படிச் சகஜம். கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறது என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பார்கள். மேல்தாடைக் கடைவாய்ப் பல் உடைந்து வேரில் சீழ் கட்டியிருக்கும். கருத்தடை செய்யாத பெண் நாய் பானை பானையாகத் தண்ணீர் குடிக்கிறது என்பார்கள்; கருப்பையில் சீழ் நிறைந்திருக்கும். அதனால்தான் காலில் முள் குத்தியது என்று வந்த நாயைக்கூட நல்ல டாக்டர் மூக்கில் தொடங்கி வால் வரை, எப்போதும் ஒரே வரிசையில் பார்ப்பார். வரிசை மாறாமல் இருந்தால்தான் எதுவும் விடுபடாது. "ஒரு ஊசி போட்டு விடுங்க சார், கிளம்புறோம்" என்று நாம் அவசரப்படுத்தும்போது இந்த வரிசைதான் முதலில் அடிபடுகிறது.

உண்மையில் சோதனை தொடுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நாய் அறைக்குள் நடந்து வரும்போதே தலையைக் கவனிப்பார்கள். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் படும்போது தாழும். எடையும் அப்படித்தான். நான்கு கிலோ பூனை 400 கிராம் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். தினமும் பார்க்கும் நம் கண்ணுக்கு அது தெரியாது, தராசுக்குத் தெரியும். இனத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிப்பிப்பாறைக்கு விலா எலும்பு லேசாகத் தெரிவது இயல்பு. லாப்ரடாருக்குத் தெரிந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

மூக்கு ஈரமாக இருந்தால் காய்ச்சல் இல்லை என்ற நம்பிக்கையை இங்கேயே விட்டுவிடலாம். நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு அது எப்போதும் சூடாகத்தான் படும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதே சரியான கணக்கு.

அப்புறம் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கிறார். முழுச் சோதனையிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு கருவியும் வேண்டாம், விரல் நுனி போதும். ஈறை அழுத்தினால் நுண்குழாய்களில் உள்ள ரத்தம் விலகி அந்த இடம் வெளுக்கும். விரலை எடுத்ததும் இரண்டு நொடிக்குள் பழைய இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். உடலில் நீர் வற்றியிருந்தாலோ, இதயம் போதுமான வேகத்தில் ரத்தத்தைத் தள்ளாவிட்டாலோ நேரம் கூடும். நிறமும் பேசும். வெளிறியிருந்தால் ரத்தசோகை அல்லது ரத்த ஓட்டம் சரிந்த அதிர்ச்சி நிலை. மஞ்சள் என்றால் கல்லீரல் பாதிப்போ, சிவப்பணுக்கள் உடைவதோ காரணமாகலாம். மே மாத வெயிலில் காருக்குள் பூட்டப்பட்ட நாய்க்குச் செங்கல் சிவப்பு. பழுப்பு நிறம் இருந்தால், அதுவும் பூனைக்கு இருந்தால், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி: "பாராசிட்டமால் கொடுத்தீர்களா?" நம் கல்லீரல் எளிதாகச் சமாளிக்கும் அந்த மருந்தைக் கழித்துக்கட்டும் நொதி பூனைக்குப் போதுமான அளவு இல்லை. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் நிறம் மாறிவிடும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும்.

நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அப்போது கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார்ப்பார்கள்.

அதே ஈறில் ஊசியால் குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் கை அடுத்து உண்ணியைத் தேடிப் போகும். காது மடலின் உள்பக்கம், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், வாலின் அடியில். பழுப்பு நாய் உண்ணி நம் வீட்டுச் சுவர் விரிசலிலேயே முட்டையிட்டுப் பெருகக்கூடியது. அது பரப்பும் எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியா வெள்ளையணுக்களுக்குள் குடியேறுகிறது. கடிபட்ட ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல் வரும், சாப்பாடு குறையும். சில வாரங்களில் சிகிச்சையே இல்லாமலும் அடங்கிவிடலாம். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள்.

சிக்கல் அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில், கிருமி சத்தமில்லாமல் உள்ளே இருக்கும். நாய் ஓடும், விளையாடும். ஆனால் ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும். டெங்கு வந்த வீடுகளில் 'பிளேட்லெட்' என்று பேசுவார்களே, அதே அணுக்கள்தான். கடைசியில் எலும்பு மஜ்ஜையே முடங்கி, ஒருநாள் மூக்கில் ரத்தம் கொட்டும். அதற்கு முன்பே இதைப் பிடிக்க, ஈறிலும் அடிவயிற்றுத் தோலிலும் புள்ளிகள், கையில் தட்டுப்படும் பெருத்த மண்ணீரல், தாடைக்கு அடியிலும் முழங்காலுக்குப் பின்னாலும் நெறிக்கட்டு ஆகியவை உதவும். இவற்றில் ஒன்றைக்கூட வளர்ப்பவர் புகாராகச் சொல்வதில்லை. சந்தேகம் வந்தால் ரத்தப் பரிசோதனை உறுதிசெய்யும். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சுமார் நான்கு வாரம் தர வேண்டும். நாலாம் நாளே நாய் சோறு தின்கிறது என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

வாயைத் திறப்பதற்கு முன் டாக்டர் தயங்கும் ஒரு தருணமும் உண்டு. கீழ்த்தாடை தொங்கி எச்சில் ஒழுக ஒரு நாய் வரும். "தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு" என்பார்கள். ரேபிஸின் முடக்கு வகை சரியாக இப்படித்தான் தெரியும். வெறி இருக்காது, கடிக்க வராது, விழுங்க மட்டும் முடியாது. எச்சிலில் வைரஸ் இருக்கும். கையுறை, தடுப்பூசி விவரம், சமீபத்தில் வேறு நாய் கடித்ததா என்ற விசாரணை எல்லாம் முடிந்த பிறகுதான் அடுத்த அடி. வீட்டில் யாராவது ஏற்கெனவே வாய்க்குள் கைவிட்டுத் தேடியிருந்தால் அவர்களுக்கு உடனே தடுப்பூசி வேண்டும்.

நெஞ்சுக்கு வரும்போது இரண்டு கைக்கும் வேலை. ஒரு கை ஸ்டெதாஸ்கோப்பை இடது முழங்கைக்குப் பின்னால் வைக்க, மறு கை தொடையின் உள்பக்கத் தமனியைப் பிடித்திருக்கும். காதில் விழும் ஒவ்வொரு துடிப்புக்கும் விரலில் ஒரு நாடி வர வேண்டும். சத்தம் கேட்டு நாடி வராவிட்டால் இதயம் தாளம் தவறித் துடிக்கிறது. 'லப்', 'டப்' இரண்டுக்கும் நடுவே காற்று கசிவது போன்ற ஒலி இருந்தால், வால்வு சரியாக மூடவில்லை. பொமரேனியன், டேக்ஸ்ஹண்ட் போன்ற சிறிய நாய்களுக்கு வயதாகும்போது இது சாதாரணம். இருமல் தொடங்குவதற்குச் சில வருடம் முன்பே கேட்கும். முன்பெல்லாம் இப்படிக் கேட்டும் செய்வதற்கு அதிகம் இல்லை. 2016-இல் வெளியான 'எபிக்' ஆய்வு, இதயம் பெருத்துவிட்ட நிலையில் அறிகுறி வருவதற்கு முன்பே பிமோபெண்டன் மருந்து கொடுத்தால் இதயச் செயலிழப்பு சராசரியாக 15 மாதம் தள்ளிப்போகிறது என்று காட்டியது. நாயின் ஆயுளில் 15 மாதம் சின்ன விஷயம் இல்லை.

கைக்கு எட்டாதவையும் இருக்கின்றன. சிறுநீரகம் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் சிறுநீரைச் செறிவாக்கும் திறனை இழக்கிறது. ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏற நான்கில் மூன்று பங்கு போக வேண்டும். அதனால் ஏழு வயது தாண்டிய பூனைக்கு ரத்தத்தோடு சிறுநீரையும் பார்க்கச் சொன்னால், பில்லை ஏற்றத்தான் என்று நினைக்க வேண்டியதில்லை. எதற்காக இந்தச் சோதனை என்று கேளுங்கள். நல்ல டாக்டர் பதில் சொல்வார்.

மருத்துவமனை மேஜையில் பயந்துபோன மிருகத்தின் மூச்சும் துடிப்பும் ஏறித்தான் இருக்கும். ஆகவே நொண்டல், இருமல், வலிப்பு எதுவானாலும் வீட்டிலேயே செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்குவது சேர்ந்து ஒரு மூச்சு. இரண்டு மூன்று முறை எண்ணியும் 30-ஐத் தாண்டினால், அடுத்த தடுப்பூசித் தேதி வரை காத்திருக்காமல் கூட்டிப் போய்விடுங்கள்.