அனுமதி கூடியது என்றால் வீடு எழுந்துவிட்டது என்று பொருளில்லை

கோலசிலாங்கூர் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் சிறு நகரத்தில் நான் பதிவு பெற்ற கட்டட வரைவாளராகத் தொழில் செய்கிறேன். சென்ற வாரம், தோட்டத்தில் குலை வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்து, பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த இரண்டு தாள்களை என் மேசைமேல் வைத்தார். ஒன்று, அந்த மாதம் கட்டட அனுமதிகள் உயர்ந்ததாகச் சொல்லும் செய்தித் துண்டு. மற்றொன்று, ஒரு வீடமைப்புத் திட்டத்தின் முகவரிடம் அவர் கட்டிய 5,000 ரிங்கிட் முன்பணத்துக்கான ரசீது. “பேப்பர்லயே போட்டிருக்காங்களே, தம்பி” என்றார். அந்த நிலத்தைப் போய்ப் பார்த்தேன். லாலாங் புல் இடுப்பளவுக்கு நிற்கிறது. அடித்தளத்துக்கான பைலிங் தூண் ஒன்றுகூட இறங்கவில்லை. இந்த ஆண்டில் இப்படி என்னிடம் வந்தவர்களில் அவர் நான்காமவர்.

மாத எண்ணிக்கை எப்படிக் கூடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 300 வீடுகள் கொண்ட ஒரு தாமான் ஒரே கூட்டத்தில் அனுமதி பெற்றால் அந்த மாதம் உச்சத்தில் நிற்கும். அடுத்த மாதம் நாலைந்து சமையலறை நீட்டிப்புகள் மட்டும் வந்தால் சரிவாகத் தெரியும். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் வரும் மாதங்களில் கட்டுமான இடங்களே அடங்கிக் கிடக்கும். ஆகவே, சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். அல்லது பன்னிரண்டு மாதங்களையும் கூட்டிப் பாருங்கள்.

அனுமதி கிடைத்தாலே வீடு வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் எனக்குத் தாங்க முடியாதது. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி பெறும் திட்ட அனுமதி, நீட்டிப்புப் பெறாமல் 12 மாதங்களுக்குள் பணி தொடங்கப்படாவிட்டால் காலாவதியாகிவிடும். கட்டட வரைபடத்துக்கு 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவின்கீழ் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அதன் பிறகுதான் அடித்தளம், சுவர், கூரை, நீர், மின்சாரம் எல்லாம். கடைசியில் வரும், கட்டடம் முறைப்படி முடிந்தது என்று சொல்லும் சி.சி.சி. சான்றிதழை 2007 ஏப்ரல் 12 முதல் ஊராட்சி மன்றம் வழங்குவதில்லை. பொறுப்பேற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ எங்களைப் போன்ற வரைவாளரோ, 21 கட்டப் படிவங்களில் கையெழுத்துகள் நிறைவடைந்த பிறகே வழங்குகிறார். அந்தக் கையெழுத்தின் கனம் இட்டவருக்குத் தெரியும். தேசியச் சொத்துத் தகவல் மையமான நாப்பிக், தன் காலாண்டு அறிக்கையில் திட்டமிட்டவை, தொடங்கியவை, முடிந்தவை என்று வெவ்வேறாகப் பிரித்துக் காட்டுவதும் இதனால்தான். புள்ளிவிவரத் துறை வெளியிடும் கட்டுமானப் பணி மதிப்பிலோ சாலைகளும் பாலங்களும்கூடச் சேர்ந்திருக்கும். அதை வைத்து வீடுகளை எண்ணாதீர்கள்.

விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன், வீடு கட்டி விற்கும் மேம்பாட்டாளர் முன்பணம் வாங்குவது வீடமைப்பு விதிகளுக்கு முரணானது. 2021 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியிருக்கிறது. எனவே கேட்டாலும் கொடுக்காதீர்கள். மேம்பாட்டாளரின் உரிம எண்ணையும், விளம்பர, விற்பனை பெர்மிட் எண்ணையும் கேட்டு, வீடமைப்பு அமைச்சின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் கேளுங்கள்; என்னிடமே வாருங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. வேலை நாளில் ஒருமுறை நிலத்தை நேரில் பாருங்கள். ஊழியர் சேமநிதியான ஈ.பி.எஃப். பணம் முப்பது ஆண்டு உழைப்பு. தயவுசெய்து ஒரு செய்தித் துண்டை நம்பி அதை நீட்டாதீர்கள்.

பெரியவருக்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதத்தை நேற்றுத் தட்டச்சு செய்து கொடுத்தேன். அவரிடமிருக்கும் ரசீதில் நிறுவன முத்திரை இல்லை. முகவரின் கையெழுத்து மட்டுமே இருக்கிறது.